இரவல் மூச்சு

என்னங்க,

போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதீர்கள். எழுதினால் என் மூச்சிரைப்பு உங்களுக்குக் கேட்காது.

பக்கத்துக் கட்டில் அக்கா வெள்ளைவெளேர் என்றிருப்பார். அவருக்கும் இதே காய்ச்சல்தான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது என்று விரலில் மாட்டும் மெஷின் காட்டியதும் ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள். என் கறுத்த விரலில் மாட்டினால் மட்டும் அது எல்லாம் சரி என்கிறது. இந்த வார்டில் கறுத்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

"மூச்சு முட்டுது டாக்டர்" என்றேன்.

"மெஷின் நல்லாத்தானே காட்டுது? சும்மா பயப்படாதீங்கம்மா."

அதனிடம் அனுமதி வாங்கித்தான் நான் திணற வேண்டும் போலிருக்கிறது!

நர்ஸ் நகர்ந்ததும் அக்கா தன் மாஸ்க்கைக் கழற்றி, "கொஞ்ச நேரம் நீ வச்சுக்கோம்மா" என்று நீட்டுகிறார். இந்தக் கடிதத்தையே அவருடைய ஆக்ஸிஜனில்தான் எழுதுகிறேன்.

நாளைக் காலை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குணமாகிவிட்டதாம்.

உங்கள்
கருவாச்சி