மேட்டில் வைக்காத புள்ளி

இல்லை, அந்தப் புள்ளியை இன்னும் வைக்கவில்லை. காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போனது. மடிக்கணினியைத் திறந்தேன். நம் வரைபடம். ஓரத்தில் உன் பெயர். சென்ற ஆண்டு காய்ச்சலில் நீ போன பிறகு இதை நான் திறக்கவே இல்லை.

பெரம்பலூர் கல்லூரியில் சேர்ந்து புவியியல் படித்தோம். தா.பழூர் பக்கத்தில் ஒரே ஊர். நான் ஊருக்குள், நீ காலனியில். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கே போவது என்று வரைய, கைப்பேசியோடு தெருத்தெருவாக நடந்தோம். உயரத்தைக் கணக்கிட்டதும் திரையில் ஒரே ஓர் இடம் சிவந்து நின்றது. எங்கள் நெற்களம், ஒட்டினாற்போல் குடோன்.

"உங்க வூட்டுக் களந்தான்டி ஊருக்கே எவரெஸ்ட்டு!" என்று சிரித்தாய்.

களத்திலிருந்த அப்பாவிடம் போய்க் கேட்டோம். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கதான? தாராளமா வரட்டும்." பிறகு, குரல் மாறாமல்: "எந்தத் தெருப் புள்ளைங்க?"

நீ என்னைப் பார்த்தாய். நான் திரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும், "கம்ப்யூட்டரு மேடு பள்ளந்தான்டி பாக்கும், தெருவையா பாக்கும்? எங்க புள்ளைங்க சுத்திப் போயே பழகுனதுங்க" என்றாய். ஊரைச் சுற்றி, வாய்க்கால் தரைப்பாலம் வழியாக மெயின்ரோட்டு மண்டபத்துக்குக் கோடு இழுத்தாய். அந்தப் பாலம் முதலில் மூழ்கும் என்று இருவருக்கும் தெரியும். "இப்போதைக்கு இருக்கட்டும். நீ அப்பாகிட்டப் பேசிட்டுக் களத்து மேல புள்ளி வை."

நான் பேசவில்லை. படம் பாராட்டுப் பெற்றது. அச்சிட்டுப் பள்ளிச் சுவரில் ஒட்டினார்கள்.

அரியலூர் ஆஸ்பத்திரியில், கையில் ஊசியோடு, கடைசியாக நீ கேட்டது: "புள்ளி வச்சியாடி?"

அப்பா என்ன கேட்பார் என்று களத்துக்குள் நுழையும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன்னையும் கூட்டிக்கொண்டு நுழைந்தேன்.

உனக்கு இவ்வளவும் எழுதுவதற்குள் மழை பிடித்துவிட்டது. களத்தின் மேல் புள்ளி வைத்தேன். பெயர்: எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும். தரைப்பாலக் கோட்டை அழித்தேன்.

"மழையில எங்கம்மா?" என்றார் அப்பா.

"களத்தத் தொறக்கறேன்ப்பா. காலனிப் புள்ளைங்களும் வருதுங்க."

"என்னைய ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

கேட்கவில்லை. களத்துக் கதவின் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கு நடந்தேன். சுவரிலிருந்த நம் படத்தைக் கிழித்தேன். தலைமையாசிரியையிடம் புது வழியைச் சொன்னேன்.