பனிக்குள் ஓடிய பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நடுவில் குட்டி வந்து பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம். இன்று மதியமே இவர் டவுனுக்குப் போய் கூரியரில் சேர்த்துவிடுவார்.

உன் மகள் குட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள். வாடகைக்கு எடுத்த பண்ணை வீடு வசதிதான், கொல்லைக் கதவைத்தான் சரியாகச் சாத்த முடிவதில்லை. விடிந்ததும் நான் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறேன். பிறகு எல்லோரும் சைக்கிள். என் சின்னவளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு மேடு ஏறும்போது இவருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. குட்டி சிரித்தே ஓய்ந்து போகிறாள்.

திங்கட்கிழமை நல்ல பனி. வாய்க்கால் கரையில் எனக்கு முப்பதடி முன்னால் குட்டி ஓடிக்கொண்டிருந்தாள். அதே குட்டை முடி. இடது கையை வீசாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடுவாளே, அதே ஓட்டம். கூப்பிட்டேன். திரும்பவில்லை. எட்டிப் பிடிப்பதற்குள் பனிக்குள் போய்விட்டாள். பதறிப்போய் வீட்டுக்கு வந்தால், குட்டி போர்வைக்குள் தூங்குகிறாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லை, கதகதப்பாக இருந்தது. வெறும் வயிற்றில் ஓடினால் இப்படித்தான் என்றார் இவர்.

மறுநாள் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனோம். கடைக்காரர் குட்டியிடம், இப்போதுதானே செயின் மாட்டிக்கொண்டு போனாய், அதற்குள் வேறு சைக்கிளா என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். குட்டி சிரிக்கவில்லை. அதன்பிறகு தினமும் அவள்தான் முன்னால் போனாள். பாதை பிரியும் இடங்களில் யோசிக்காமல் திரும்பினாள். எப்படி வழி தெரியும் என்று இவர் கேட்டதற்கு, தெரியாது, சைக்கிள் போகிறது என்றாளாம்.

நேற்று ஒரு தகரக் கூரை வீட்டின் முன்னால் பிரேக் பிடித்தாள். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அவளைப் பார்த்ததும் ஈரத்துணியைக் கீழே விட்டுவிட்டாள். பத்து வயதா என்று மட்டும் என்னிடம் கேட்டாள். தலையாட்டினேன். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வெளியே வந்து நின்றது குட்டி, அக்கா. வேறு எப்படிச் சொல்ல? முன்பல் இடைவெளிகூட அதே. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. என் சின்னவள்தான் பயந்து அழுதாள்.

அந்தப் பெண்ணுக்கு இரட்டைப் பிரசவமாம். ஒன்று பிழைக்கவில்லை என்று சொல்லி, முகத்தைக்கூடக் காட்டாமல் கொண்டுபோய்விட்டார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து நீ குட்டியைத் தூக்கி வந்த அன்று, பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள் என்று எங்களிடம் சொன்னாய். இந்தப் பக்கம் வேண்டாம், கடற்கரைக்குப் போங்கள் என்று போன மாதம் நீ சொன்னதும் அங்கே நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. பாம்புக்குப் பயந்து சொல்கிறாய் என்றல்லவா நினைத்தேன்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. "நான் எதுவும் கேக்கல. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள். குட்டி குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் குட்டி கேட்டாள். "சித்தி, அம்மாவுக்கு இவளத் தெரியுமா?" அவளே சொன்னாள். "தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருப்பாங்கல்ல."

இன்று காலை அந்தப் பிள்ளை இங்கே வந்துவிட்டது. யார் வழி சொன்னார்கள் என்று தெரியவில்லை. கொல்லையில் இருவரும் ஒரே சைக்கிளை மாறி மாறி ஓட்டுகிறார்கள். சட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் போல. குட்டி என்று கூப்பிட்டேன். இரண்டும் திரும்பின. அப்புறம் எனக்குக் கூப்பிடத் துணிவு வரவில்லை.

வீட்டை இன்னும் ஒரு வாரத்துக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். உன்னை நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கிடைக்கிற டிக்கெட்டில் கிளம்பி வா. நீ வந்து கூப்பிடு, அக்கா. உன் குரலுக்காவது உன் மகள் தனியாகத் திரும்பட்டும்.

நீ வரும் வழி பார்த்திருக்கும்
உன் தங்கை