ஓலையை நிறுத்தமாட்டேன்

மார்த்தாண்டம்,
வெள்ளிக்கிழமை காலை.

கர்த்தர் எங்களுக்கு ஈந்த அன்பு மகன் சிஜினுக்கு அப்பா எழுதுவது. அவருடைய இரக்கத்தினால் நானும் உன் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் சரீரத்திலும் உள்ளத்திலும் சுகமாயிருக்க முழங்காலில் நின்று மன்றாடுகிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்றுபோயிற்று, அம்மாவின் முட்டுவலி மட்டும் நிற்கவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், ஆகையால் எழுதுகிறேன். அம்மா இதைப் படம்பிடித்து அனுப்புவாள், முடிவுவரை வாசி.

சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பைக் குறித்து, "ஓலையை நிறுத்திருங்கப்பா, என்னால எல்லாருக்கும் நாணக்கேடு" என்று நீ அனுப்பியதைக் கண்டேன். நிறுத்தமாட்டேன். நிச்சயத்தன்று கருங்கல் ஊரில் பெண்வீட்டில் நடந்தது என்ன? சக்கைப்பழம் வெட்டிய உன் சித்தி அஜிதாவின் விரலில் கத்தி பட்டு இரத்தம் வடிந்தது, அதைக் கண்ட நீ முகம் வெளிறி, வியர்த்து, நின்ற இடத்தில் சரிந்தாய். பெரியப்பா ஜான்ரோஸ் ஓடிவந்து, தம் ரப்பர் ஷீட்டுக் கடையின் சாவிக்கொத்தை உன் கையில் திணித்து, "இரும்பைப் பிடிலே மக்கா" என்று கூவினார். அன்பினால்தான் செய்தார், ஆயினும் இரும்பைக் கையில் கொடுப்பது வலிப்புக்கு என்பதை நம் ஊரில் அறியாதார் யார்? பந்தலில் இருந்தவர்கள் உன்னை நோக்கவில்லை, அந்தச் சாவியையே நோக்கினார்கள். போன ஞாயிறு இரு சபைகளிலும் முதல் ஓலை வாசித்து, இத்திருமணத்துக்குத் தடை சொல்வார் உண்டோ என்று ஆயர் கேட்டபோது வாய்திறக்காதவர்கள், வெளியே வந்து செருப்பு மாட்டும்போது "மாப்பிளைக்கு வலிப்பாக்கும், மறைச்சுப்போட்டானுவ" என்றார்கள். உன் அம்மா பொறுக்கமாட்டாமல் பெரியப்பாவிடம், "கடைச் சாவியைக் கொண்டுவந்து கல்யாணத்தையே பூட்டிட்டீரே அத்தான்" என்றாள்.

மறுநாள் டாக்டர் உன்னைச் சோதித்து இருதயத்தில் குறையில்லை என்று விளக்கினாரே, நீ தலைகவிழ்ந்திருந்தாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ புறப்பட்டபின் மீண்டும் சென்று தெளிவாகக் கேட்டுவந்தேன். மூளையின் அடியிலிருந்து கழுத்துவழியே இறங்கி, இருதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று கிளைவிட்டுச் செல்லும் வேகஸ் என்னும் நரம்பு ஒன்று உண்டாம். பாயும் இருதயத்துக்குப் படைத்தவர் வைத்த கடிவாளம் என்றே அதை நான் எண்ணுகிறேன். உண்டது செரிப்பதும், அச்சம் தீர்ந்தபின் நெஞ்சு அடங்குவதும், மூச்சை நீள விட்டுப் பாடுகையில் மனம் அமைவதும் அதன் ஊழியத்தைச் சேர்ந்தவை. சிலருக்கு இரத்தத்தைக் கண்டமாத்திரத்தில் அக்கடிவாளம் மிஞ்சி இறுகித் துடிப்பு தளர்கிறது, இரத்த அழுத்தம் விழுகிறது, தலைக்கு இரத்தம் எட்டாமல் சாய்ந்துவிடுகிறார்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சற்றில் தெளிவார்கள். இது வலிப்பு அன்று. வலிப்பே ஆனாலும் அது மருந்துள்ள நோய். பாவமும் அன்று, பழியும் அன்று. இல்லாததை நாம் ஏற்கவேண்டாம், உள்ளதை மறைக்கவும் வேண்டாம்.

நேற்றுப் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு கருங்கல் சென்று இவ்வளவையும் பெண்ணின் தகப்பன், உன் மாமா குமாரதாஸிடம் சொன்னேன். அவர் முகம் இளகவில்லை. "வண்டி ஓட்டுக பயலாக்கும், வழியில விழுந்தா எம்மவ கெதி என்ன?" என்று கேட்டார். தகுந்த கேள்விதான். இரத்தம் கண்டால் வருவது, வருமுன் வியர்வையும் கண்மங்கலும் காட்டுவது, உட்கார்ந்தால் விழாமல் தப்பலாம் என்றேன். பெரியப்பா எழுந்து, "தப்பு எஞ்சாவி மேலயாக்கும், பயலுக்க மேல இல்ல" என்றார். அப்போது உனக்கு நிச்சயித்த பிளஸ்ஸி வாசற்படிக்கு வந்து, "விழுந்தா காலைத் தூக்கிப்பிடிக்க ஒரு ஆளு வேணும்லா, நான் பிடிச்சுக்கிடுதேன் மாமா. ஆனா இதை அவரு வாயால சொல்ல என்ன கேடு? நான் போன் பண்ணியும் ஏன் எடுக்கல?" என்றாள். குமாரதாஸும், "அவன் பேசட்டும், பிறகு பாப்போம்" என்று நிறுத்திக்கொண்டார்.

ஆகவே மகனே, நாளை மறுநாள் இரண்டாம் ஓலையை வாசிக்கும்படி ஆயரிடம் உறுதியாய்ச் சொல்லிவிட்டேன். அதற்குமுன் நீ பேசு. முதலில் அவளிடம், பிறகு அவள் தகப்பனிடம். காலையில் வெறும்வயிற்றோடு வேலைக்குப் போகாதே, அந்த வெயிலில் தண்ணீர் நிறையக் குடி, கண் மங்கினால் வீரம் காட்டாமல் உடனே உட்கார், கால்களைப் பின்னித் தொடையை இறுக்கு என்பதும் டாக்டர் சொன்னதே.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. உன் நாவுக்குத் துணிவும் நெஞ்சுக்கு அமைதியும் தருவாராக. அம்மா எலிசா உன்னை முத்தமிடுகிறாள். மறவாதே, பிளஸ்ஸி இன்று இரவு வேலைமுடிந்து வந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பாள்.

என்றும் உனக்காக ஜெபிக்கும் அப்பா,
செல்வதாஸ்