எலுமிச்சைத் தொட்டியும் காய்ந்த தரையும்

ஏங்க,

சாப்பாடு மேசை மேல இருக்கு. கால்கட்டு மாத்த நர்ஸ் வருவாங்க, கதவைத் தாழ் போடாதீங்க.

நேத்து ஈரம் பாக்கிற மீட்டரை எலுமிச்சைத் தொட்டியில குத்தி, "தண்ணியே ஊத்தாம ஊத்தினேன்னு புளுகுறீங்க"ன்னு குதிச்சேன்ல? காலையில நானே ஒரு வாளி ஊத்திட்டுக் குத்திப் பாத்தேன். நம்பர் ஏறவே இல்ல! மண்ணு இறுகிக் கெடக்கு. தண்ணி பூரா ஓரமா இறங்கி, அடி ஓட்டை வழியா தரைக்கு வந்துடுச்சு. வழுக்கி விழப் பாத்தேன்.

அப்போ தினமும் ஊத்தினதும் நீங்க, அந்தக் காலை வெச்சுக்கிட்டு எனக்காகத் தரையைத் துடைச்சதும் நீங்க. தரை காஞ்சிருந்ததாலதாங்க நான் நம்பல. நல்ல மனுஷன்யா நீங்க.

பி.கு.: மண்ணைக் கிளறி விட்டுட்டேன். தரை துடைக்கிற மாப்பை ஒளிச்சு வெச்சிருக்கேன், தேடாதீங்க.