ஷீலா மிஸ் கேட்ட முழு ஆள்

11-11-91, திங்கள்
காலையிலிருந்து மழை. காலேஜில் உளவியல் துறை அறை மூன்று இடத்தில் ஒழுகல். மூன்று வாளி வைத்தேன். "குத்தாலம் போவாதீங்க மிஸ், இங்கயே குளிச்சிடலாம்." ஆராய்ச்சி செய்கிற ஷீலா மிஸ் சிரித்தார். "நடேசண்ணா, பர்சனாலஜின்னு ஒரு படிப்பு. அதுக்கு நீங்க வேணும்." பியூன் வேலைக்கு மேலே இது. சரி என்றேன்.

12, செவ்வாய்
அஸ்ட்ராலஜி மாதிரி லஜி என்று முடிந்ததால் ஜோசியம் என்று நினைத்து, மஞ்சள் பையில் ஜாதகம் கொண்டுபோனேன்.

"ஐயோ, ஜாதகம் இல்லண்ணா. மத்தவங்க நூறு பேர்கிட்ட கோபத்தை மட்டும் கேப்பாங்க, இல்ல ஞாபகத்தை மட்டும். இதுல ஒரே ஆள். பொறந்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும். என்ன நடந்துச்சு, அதை அவர் எப்படிச் சொல்றார், கூட இருக்கறவங்க அவரைப் பத்தி என்ன சொல்றாங்க, எல்லாம் சேர்த்து."

"மத்தவங்க ஈரல் வாங்கறாங்க, நீங்க முழு ஆடு."

அதையும் எழுதிக்கொண்டார்.

14, வியாழன்
தூறல். ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. மிஸ்ஸிடம் சொன்னது: பிறந்தது இரும்புலியூர். படிப்பு மூணாவது. கல்யாணம். மகள்.

"மகள் எங்க இருக்காங்க?"

"ஆறு வயசுல பூட்டா மிஸ். என் பாட்டக் கேக்க முடியாம ஓடிட்டா."

மிஸ் சிரிக்கவில்லை. என் மனைவி சரோஜாவைப் பார்க்க வேண்டுமாம். ஆடியில் மறைமலை நகர் அக்கா வீட்டுக்குப் போனவள், இன்னும் வரவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய்.

16, சனி
மிஸ்ஸுடன் மறைமலை நகர். மிஸ் உள்ளே. நான் வாசலில், குடையோடு. ஜன்னல் திறந்திருந்தது, சரோஜா குரல் கேட்டது.

"அந்தாளப் பத்தி எனுக்கு இன்னாம்மா தெரியும்? பதினெட்டு வருசமா சிரிக்க வச்சிக்கினே கீறாரு. கொழந்த செத்த அன்னிக்கும் வந்தவங்கள சிரிக்க வச்சாரு. ஒரு சொட்டு கண்ணீர் நான் பாக்கல."

"திரும்பி வருவீங்களா?"

"வூட்டுக்கு வரலாம். யாராண்ட வர்றது?"



17, ஞாயிறு
சோறு குழைந்துவிட்டது. சாப்பிடவில்லை. நாள் முழுக்கப் படுக்கை.

18, திங்கள்
மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். பாப்பா போன பிறகு ஒரு வருசம், ஞாயிறு தவறாமல், சீட்டாடப் போகிறேன் என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறுவேன். தாம்பரத்திலிருந்து பீச், பீச்சிலிருந்து தாம்பரம். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுகை.

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மிஸ் பேனாவை மூடினார். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்ணா?"

19, செவ்வாய்
அரை நாள் லீவு. பஸ்ஸில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாப்பாவ நெனச்சி ரயில்ல அழுதேன் சரோ. பக்கத்து சீட்டுக்காரன்: "இன்னா பெரிசு, தனியா பேசிக்கினு வர்றே?"

சரோஜாதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

"இன்னா?"

வாயைத் திறந்தேன். "உங்கக்கா வூட்டு சாம்பார் வாசன தாம்பரம் வரைக்கும் வந்துச்சு. அதான் பின்னாடியே வந்தேன்."

சிரித்துவிட்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.