இடப்பக்கத்து மூன்றாம் படி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உங்கள் கால் எப்படி இருக்கிறது? மழை நாளில் இன்னும் குடைச்சல் எடுக்கிறதா?

உங்கள் அண்ணன் பழைய லாரி ஒன்று வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. யார் சொல்வது? அந்த விபத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பழைய இரும்புக் கடையில், டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி அது. இழுத்துவந்து நம் வாசலை அடைத்து நிறுத்தினார். "ஒரே மாசம், சரி பண்ணி ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்றார். ஒன்றரை வருடமாகப் பின்பக்கமாகத்தான் போய்வருகிறோம். முன்னறை ஜன்னலைத் திறந்தால் டயர்தான் தெரிகிறது. பட்டப்பகலில் விளக்குப் போட்டு ஊசியில் நூல் கோர்க்கிறேன். மூச்சு முட்டுகிறது தம்பி.

வேலையைக் குறை சொல்ல மாட்டேன். துருவை எல்லாம் சுரண்டி எடுத்தார், என்ஜினை இறக்கி ஏற்றினார், பச்சை பெயிண்ட் அடித்தார். முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது தெருவே கூடி நின்றது, நான் அழுதேவிட்டேன். செங்கல் சூளைக்காரர் தேடிவந்து லோடு தருகிறேன் என்றார். புறப்பட வேண்டிய அன்று காலை, பிரேக்கில் ஏதோ சத்தம் என்று சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டார். இப்படி நான்கு தடவை! சூளைக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

போன வாரம், அவருக்குக் கைகொடுக்க வரும் மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்டேன். "வண்டியில ஒரு கோளாறும் இல்லக்கா. அண்ணனே பூட்டுறாரு, அண்ணனே கழட்டுறாரு" என்றார். நேற்று காலை நானே பார்த்தேன். டீ கொண்டுபோனால், நன்றாக இருந்த பிரேக் குழாயின் நட்டை ஸ்பேனர் போட்டுத் தளர்த்திக்கொண்டிருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உங்களோட சேர்த்து என்னையும் ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு, "அன்னிக்கு அவன் பக்கத்துல தூங்கிக்கிட்டிருந்தான். என்னை நம்பித்தானே தூங்கினான்" என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். கேபினில் ஏற இரண்டு பக்கமும் இரண்டிரண்டு படி. இடப்பக்கம் மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூன்றாவதாக ஒரு படி பற்றவைத்திருக்கிறார், பிடித்து ஏற ஒரு கம்பியும். யாருக்கு என்று கேட்டதற்கு, "சும்மா, மிச்ச இரும்பு கிடந்துச்சு" என்றார். எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவருக்கும் அப்படியே.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. உங்கள் பிடிவாதமும் எனக்குத் தெரியும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. நீங்கள் மன்னிக்கக்கூட வேண்டாம். வந்து, அந்தப் படியில் கால் வைத்து ஏறி, அவர் பக்கத்தில் உட்காருங்கள். தெருமுனை வரை போதும். முடிந்தால், கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வரும்போது பின்பக்கமாக வாருங்கள். போகும்போது முன்வாசலில் நின்று அனுப்பிவைக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
அண்ணி