தொழில் படகில் பொம்பளைக் கால்

போய்ச் சேர்ந்த இடத்திலும் விடியுமுன் எழுந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் கல்லுளிமங்கன் நைனாவுக்கு,

உன் மகள் வசந்தா எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் காரியத்தன்று பந்தலில் அத்தனை சனத்துக்கு நடுவில், "எங்க நைனாவுக்குப் புள்ளைனா தம்பி மட்டுந்தான். என்னை ஒரு நாளாவது படகுல ஏத்தியிருப்பாரா?" என்று கத்தினேன். ஊரறியத் திட்டிய வாய், ஊரறியத்தானே திருப்பிப் பேச வேண்டும்?

முதலில் நல்ல சேதி. நீ போன மறு வருஷம் நம் கீதாவுக்குப் பெண் பிறந்தது. உனக்குக் கொள்ளுப்பேத்தி, எனக்குப் பேத்தி. வயது ஒன்றே முக்கால். பேர் தன்ஷிகா. என்னடி அர்த்தம் என்று கேட்டால், "போன்ல பாத்து வெச்சோம்மா, சோக்கா கீதுல்ல" என்கிறாள் உன் பேத்தி. நான் தன்னு என்று கூப்பிடுகிறேன். தலைமுடி அப்படியே உன்னுடையது, எந்தச் சீப்புக்கும் அடங்காது.

பங்குனியில் ஒரு சனி, ஞாயிறு கீதாவுக்கு வேலை இருந்ததால் குழந்தையை ஆரம்பாக்கத்தில் என்னிடம் விட்டுப் போனாள். அன்று ரோசியும் குப்பம்மாவும் வீட்டில் இருந்தார்கள். அவர்களை உனக்குத் தெரியும், மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வருஷக்கணக்காகப் புகை தின்றவர்கள். மூன்று பேருக்கும் இப்போது ஓய்வு.

ரோசிதான் ஆரம்பித்தாள். "ஏரிக்கரைல பொறந்தவனு எத்தினி நாளா பீத்திக்கினு கீற? ஒரு நாளு பாய் கட்டின படகுல எங்கள இட்டுகினு போயேன்."

எனக்கு மூஞ்சி தொங்கிப் போனது. நானே ஏறியதில்லை என்று எந்த வாயால் சொல்வது? கரை தாண்டுகிற படகில் யாரும் ஏறலாம். வலை ஏற்றுகிற தொழில் படகில் பொம்பளைக் கால் படக்கூடாது என்பது நம் குப்பத்து வழக்கம். மற்ற வீடுகளில் அது எப்போதோ தளர்ந்துவிட்டது. நீ மட்டும் தளரவில்லை. பத்து வயதில் நான் கரையில் நின்று அழுதபோது, தம்பியைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கழி ஊன்றிப் போனாயே. அந்த முதுகு இத்தனை வருஷமும் என் கண்ணிலேயே நின்றது நைனா.

ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறும் முறுக்கும் கட்டிக்கொண்டு, பஸ் மாறிப் பழவேற்காடு வந்து, ஷேர் ஆட்டோவில் பாலம் தாண்டி நம் குப்பத்தில் இறங்கினோம். தம்பி சேகர் எங்களைப் பார்த்ததும் விழித்தான். உன்னோடு இருபது வருஷம் வலை இழுத்த முனுசாமி மாமாவும் அங்கேதான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தம்பி தலையைச் சொறிந்தான்.

"வேணாங்க்கா. பேஜாராயிடும்."

"இன்னாடா பேஜாரு? ஏரித் தண்ணிய சோதிக்க காலேஜ் பொண்ணுங்க வந்தா இதே படகுலதானே குந்த வெச்சி இட்டுகினு போற? கூடப் பொறந்தவ மட்டும் ஏறக் கூடாதா?"

அவன் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நைனா கடைசியா என்கிட்ட சொன்னாருக்கா. 'யார வேணா ஏத்திக்கோ, அக்காவ மட்டும் ஏத்தாத'னு. ஏன்னு கேட்டேன், சொல்லல."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஊரான் வீட்டுப் பெண்ணெல்லாம் ஏறலாம், பெற்ற மகள் மட்டும் ஆகாது. சாகிற நேரத்திலும் உனக்கு என் மேல் அப்படி என்ன வெறுப்பு? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டேன்.

குப்பம்மா செருப்பைக் கழற்றினாள், சோற்றுத் தூக்கோடு ஏறி நடுவில் உட்கார்ந்துவிட்டாள். "எறக்கு பாக்கலாம்" என்றாள். அவள் உடம்பு உனக்குத் தெரியாதா? ஊரே கயிறு கட்டி இழுத்தாலும் நடக்காது. ரோசி ஏறினாள். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு நானும் ஏறினேன். ஆசையில் இல்லை, உன் மேல் இருந்த ஆத்திரத்தில் ஏறினேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். முனுசாமி மாமாவையும் ஏற்றிக்கொண்டு கழியை எடுத்தான்.

இஞ்சினைத் தட்டியதும் தன்னு அலறிய அலறலில் நாரைக் கூட்டமே கிளம்பியது. வேறு வழியில்லாமல் தம்பி பாயை ஏற்றினான். தென்காற்று பிடித்ததும் படகு சத்தமே இல்லாமல் நகர்ந்தது. தன்னு அழுகையை நிறுத்திவிட்டு, பாயைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அப்புறம் ஒரே சிரிப்பு. "இன்னும் இன்னும்" என்று கையைத் தட்டுகிறாள், ஏதோ நாங்கள் காற்றை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்ற மாதிரி.

ஆத்திரத்தில் ஏறியவள்தான், ஆனாலும் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. ரோசி எல்லாவற்றையும் போனில் பிடித்தாள், பாதியில் அவள் கட்டைவிரல்தான் இருந்தது.

நடு ஏரியில் படகு தரை தட்டியது. முகத்துவாரம் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் எங்கும் முழங்காலுக்கு மேல் இல்லை. "ஆழம் தெரியாம கால விடாதடி" என்று குப்பம்மா சொல்லச் சொல்ல ரோசி குதித்தாள். சேறு அவள் முட்டி வரைக்கும் வாங்கிக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம், முனுசாமி மாமாவைத் தவிர. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இதே எடந்தான் பாப்பா. உன் நைனா அன்னிக்கும் இங்கதான் எறங்கித் தள்ளினாரு."

"என்னிக்கு மாமா?"

"உன்ன தொழில் படகுல ஏத்திகினு ஆசுபத்திரிக்குப் போன அன்னிக்கு."

தம்பி கழியைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். மாமா சொன்னதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்போது எனக்குத் தன்னு வயது. ராத்திரியெல்லாம் வாந்தியும் பேதியும். விடிந்தபோது கண் செருகிவிட்டது. அன்றைக்கென்று கரை தாண்டுகிற படகு வரவில்லை. பாலம் ஏது அப்போது? அம்மா தம்பியைப் பெற்றுப் பன்னிரண்டு நாள்தான், தீட்டு கழியவில்லை. என்னை விட்டு இருக்க மாட்டேன் என்று கைக்குழந்தையோடு வந்து நின்றாள். மூன்று பேரையும் தொழில் படகில் ஏற்றினாய். கரையில் நின்று பெரியவர்கள் கத்தியதை நீ காதில் வாங்கவே இல்லை. இந்த இடத்தில் தரை தட்டியதும் நீயும் மாமாவும் இறங்கி, அக்கரை வரைக்கும் தள்ளியே போனீர்களாம்.

நான் பிழைத்தேன். உன் பாடு போனது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. அது இல்லாதவனுக்குப் படகு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தீட்டோடு பொம்பளையைத் தொழில் படகில் ஏற்றினாய் என்று ஒரு பருவம் முழுக்க உன்னை ஒதுக்கிவைத்தார்கள். வேற்றூர்ப் படகில் கூலிக்குப் போனாய். வீட்டில் பல நாள் கஞ்சிதான். மறுபடி பாடு பிரிக்கிற அன்று, கங்கையம்மன் கோயில் வாசலில் எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தாய்: என் பொண்டாட்டி, பொண்ணு கால் இனிமேல் என் படகில் படாது என்று. அப்புறம்தான் உனக்கு முறை கிடைத்தது.

"ஏன் மாமா யாருமே என்கிட்ட சொல்லல? அம்மா கூட சொல்லாமலே போயிடுச்சே."

"அவருதான் சொல்லக் கூடாதுன்னாரு. 'தன்னாலதான் ஊடே பட்டினி கெடந்துச்சினு தெரிஞ்சா, எம்பொண்ணு மனசுலயே வெச்சி மருகும். எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போவுது'ன்னாரு. காரியத்தன்னிக்கு நீ கத்துனப்பவே எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. அவருக்குக் குடுத்த வார்த்தையாச்சேனு முழுங்கிட்டேன். இப்பதான் நீயே ஏறிட்டியே, இனிமே மறைச்சி இன்னாத்துக்கு?"

நீ சாகிற வரை காத்த சத்தியத்தை நான் ஆத்திரத்தில் உடைத்துவிட்டேனே. "அப்ப நான் ஏறினது தப்பா மாமா?" என்று கேட்டேன்.

"சத்தியம் பண்ணது அவரு. கடைசி வரைக்கும் காப்பாத்திட்டுப் போயிட்டாரு. நீ இன்னா கற்பூரம் அடிச்சியா? சும்மா குந்து."

உட்கார முடியவில்லை. ஓவென்று அழுதேன். தன்னு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் ஊறிப்போயிருந்த முறுக்கை என் வாயில் திணித்தாள். அழுகிறவர்களை நிறுத்த அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அப்புறம் நானும் இறங்கினேன் நைனா. தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை, அவன் கண்ணும் சிவந்திருந்தது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சேற்றில் காலை ஊன்றி, தம்பியும் நானும் ரோசியும் தள்ளினோம். மாமா கழி ஊன்றினார். குப்பம்மா இறங்காமலே கட்டளை போட்டாள். தன்னு உள்ளே இருந்து "இன்னும் இன்னும்" என்று தட்டினாள். என்ன கனம் தெரியுமா அந்தப் படகு? மூன்று பேர் தள்ளியே எனக்கு மூச்சு வாங்கியது. அன்று நீங்கள் இரண்டு பேர் அக்கரை வரைக்கும் எப்படித் தள்ளினீர்கள்?

இப்போது எனக்குக் கோபம் இல்லை. உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். பந்தலில் பேசியதை எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு குறை மட்டும் இருக்கிறது, பெரிய மனசு பண்ணிக் கேட்டுக்கொள். ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். நான் மருகியிருப்பேன், வாஸ்தவம்தான். ஆனால் நீ இருக்கும்போதே உன் காலைப் பிடித்து அழுதிருப்பேனே. உன் மேல் கோபத்தோடு எத்தனை பொங்கலுக்கு வராமல் இருந்தேன்!

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கற்பூரம் இல்லாமலே. தன்னுவுக்கு விவரம் தெரிகிற வயதில் இதே ஏரிக்கு அழைத்து வந்து எல்லாவற்றையும் சொல்லுவேன், பட்டினியையும் சேர்த்து. அவளுக்காக நான் படுவது எதையும் அவளிடம் ஒளிக்க மாட்டேன். நல்லதுக்கென்று கூட உன்னைப் போல் வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர மாட்டேன்.

ஒரு நாளும் என்னைப் படகில் ஏற்றவில்லை என்று இத்தனை வருஷம் உன்னோடு சண்டை போட்டேன். அன்றைக்கு ஏற்றியதால்தான் நைனா, சண்டை போட நான் இருந்தேன்.

நீ பிழைக்க வைத்த உன் மூத்த பொண்ணு,
வசந்தா